பிக்கப் டிரக் முன்பக்கத்தை 2 இன்ச் உயர்த்தினால் என்ன ஆகும்? 'லெவலிங்' செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் ஒரு பிக்கப் டிரக்கைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். முன்பக்கம், அதாவது வண்டியின் மூக்கு, கொஞ்சம் குனிந்த மாதிரி இருக்கும். ஆசையாக டிரக் வாங்கிய பலருக்கு இந்தத் தோற்றம் பிடிப்பதில்லை. "முன்னாடி ஒரு 2 இன்ச் தூக்கிட்டா சமமா, கெத்தா இருக்கும்" என்று மெக்கானிக்கிடம் போய்விடுகிறார்கள். இதற்குப் பெயர்தான் 'லெவலிங்'.

ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலெட் சில்வராடோ, ராம் 1500 என்று எந்த வண்டியாக இருந்தாலும் அங்கே மிகச் சாதாரணமாகச் செய்யப்படும் மாற்றம் இது. செலவும் பெரிதாக இல்லை, வேலையும் சில மணி நேரம்தான். ஆனால் அந்த 2 இன்ச் வண்டியின் அழகை மட்டும் மாற்றுவதில்லை. ஸ்டீயரிங், டயர், பிரேக் உதவி கேமரா, எல்லாவற்றுக்கும் மேலாக எதிரே வருபவரின் கண் வரை அதன் பாதிப்பு போகிறது. எப்படி? பார்க்கலாம்.

வண்டி ஏன் முன்னால் குனிந்து நிற்கிறது?

இது கம்பெனி செய்த தவறு இல்லை. தெரிந்தே செய்த ஏற்பாடு. இந்தச் சாய்வுக்கு 'ரேக்' என்று பெயர்.

பிக்கப் டிரக்கின் வேலையே சுமை தூக்குவதுதான். பின்னால் இருக்கும் திறந்த பெட்டியில் மணல், மரம், மோட்டார் சைக்கிள் என்று ஏற்றுவார்கள். அல்லது டிரெய்லரை மாட்டி படகையோ இன்னொரு வண்டியையோ இழுப்பார்கள். அந்த எடை முழுக்க பின் அச்சின் மேல்தான் இறங்கும். பெரும்பாலான பிக்கப்களில் பின்பக்கம், நம்ம ஊர் லாரிகளில் பார்ப்போமே, அந்த அடுக்குப் பட்டை போன்ற லீஃப் ஸ்பிரிங்தான் இருக்கும். எடை ஏறியதும் அது கீழே அமுங்கும்.

காலியாக இருக்கும்போதே வண்டி சமமாக நின்றால், சுமை ஏறியதும் பின்பக்கம் தொங்கி, மூக்கு வானத்தைப் பார்க்கும். அதனால்தான் காலி வண்டியில் பின்பக்கத்தை ஓரிரு இன்ச் உயரமாக வைத்து அனுப்புகிறார்கள். சுமை ஏறியதும் வண்டி தானாகச் சமத்துக்கு வந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், ரேக் என்பது சுமைக்காக ஒதுக்கி வைத்திருக்கும் இடம். லெவலிங் செய்யும்போது அந்த இடத்தைத்தான் நாம் எடுத்துவிடுகிறோம்.

அப்புறம் ஏன் லெவலிங் செய்கிறார்கள்?

முதல் காரணம் தோற்றம். இரண்டாவது, பெரிய டயர் போட வேண்டும் என்ற ஆசை. முன்பக்கம் உயர்ந்தால் சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இடம் கூடும். அதனால் அகலமான, உயரமான டயர் திரும்பும்போது உரசாமல் இருக்கும். மூன்றாவது காரணம் நியாயமானது. கரடுமுரடான பாதையில் போகிறவர்களுக்கு முன் பம்பர் தரையில் இடிக்காமல் கூடுதல் உயரம் கிடைக்கும். பனி தள்ளும் பிளேடை முன்னால் மாட்டுபவர்களும், அந்த எடையால் மூக்கு தாழ்வதைச் சரிக்கட்ட இதைச் செய்கிறார்கள்.

எத்தனை இன்ச் தேவை? அளப்பது எப்படி?

கடையில் '2 இன்ச் கிட்', '2.5 இன்ச் கிட்' என்று விற்பதைப் பார்த்து வாங்கக் கூடாது. முதலில் உங்கள் வண்டியை அளக்க வேண்டும்.

சமதளமான தரையில் வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று சரியான அளவில் இருக்கட்டும். பெட்டியில் வழக்கமாக என்ன சாமான் இருக்குமோ, அது அப்படியே இருக்கட்டும். தரையில் இருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, நான்கு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் 36 இன்ச், பின்னால் 38 இன்ச் என்றால் உங்கள் வண்டியின் ரேக் 2 இன்ச்.

இந்த 2 இன்ச்சையும் முழுசாகச் சரிக்கட்ட வேண்டுமா? அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலர் "அரை இன்ச்சாவது பின்பக்கம் தூக்கலா இருக்கட்டும்" என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேர் பின் சீட்டில் உட்கார்ந்து, நாலு பெட்டியை ஏற்றினாலே அந்த அரை இன்ச் போய்விடும்.

எப்படி உயர்த்துகிறார்கள்?

வண்டியின் முன் சஸ்பென்ஷன் எந்த வகை என்பதைப் பொறுத்து வழி மாறும்.

* ஸ்டிரட் மேல் ஸ்பேசர்: எஃப்-150 போன்ற வண்டிகளில் முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்து 'ஸ்டிரட்' ஆக இருக்கும். அதன் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு உலோக வில்லையை வைத்து போல்ட் போடுவார்கள். விலை குறைவு, ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு விஷயம் கவனிக்கணும்: 2 இன்ச் உயர்த்த 2 இன்ச் தடிமன் வில்லை தேவையில்லை. ஸ்டிரட் சக்கரத்தின் மேல் நேராக இல்லாமல், கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காருகிறது. அதனால் சுமார் 1 இன்ச் வில்லையே சக்கரத்தில் 2 இன்ச் அளவுக்கு மாற்றம் தரும்.

* ஸ்பிரிங் மேல் ஸ்பேசர்: வில்லையை ஸ்டிரட்டுக்கு உள்ளே, ஸ்பிரிங்குக்கு மேலே வைப்பது. ஸ்பிரிங் கூடுதலாக அமுங்கி நிற்பதால் வண்டி மேலே எழும். குழியில் இறங்கும்போது சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் குறைவதால், சவாரி கொஞ்சம் கடினமாகும்.

* உயரம் மாற்றக்கூடிய ஸ்டிரட்: பில்ஸ்டீன் 5100 போன்றவை. பழைய ஷாக்கை எடுத்துவிட்டு, உயரத்தைத் தேர்வு செய்யும் வசதியுள்ள புதிய ஷாக் போடுவது. செலவு பல மடங்கு கூடும். ஆனால் ஷாக்கும் புதிதாகிவிடும், ஓட்டமும் நன்றாக இருக்கும்.

* டார்ஷன் பார் கீ: சில்வராடோ 2500 ஹெச்டி போன்ற கனரக ஜிஎம் வண்டிகளில் முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. முறுக்கிக் கொடுக்கும் இரும்புத் தண்டுதான் ஸ்பிரிங் வேலையைச் செய்கிறது. அதன் முனையில் உள்ள கீயை மாற்றி, முறுக்கைக் கூட்டினால் வண்டி உயரும்.

* காயில் ஸ்பேசர்: ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற வண்டிகளில் முன்னால் ஒரே தண்டாக அச்சு இருக்கும். அங்கே சுருள் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்தாலே போதும்.

காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் இதில் எதுவும் பொருந்தாது. அங்கே உயரத்தைத் தீர்மானிப்பது சென்சாரும் கம்ப்யூட்டரும்தான். சாதாரண ஸ்பேசர் கிட்டை வாங்கி அதில் திணிக்கக் கூடாது.

அடியில் என்னென்ன மாறுகிறது?

சக்கரம் கீழே தள்ளப்படுவதால், அதோடு சேர்ந்த எல்லா இணைப்புகளின் கோணமும் மாறுகிறது. 4 வீல் டிரைவ் வண்டியில் இன்ஜின் சக்தியை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அச்சில் 'சிவி ஜாயிண்ட்' இருக்கும். அது எப்போதும் கூடுதல் கோணத்திலேயே சுழல ஆரம்பிக்கும். அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய், ஜாயிண்ட் சீக்கிரம் தேயும்.

மேல் ஆர்மில் இருக்கும் பால் ஜாயிண்டும் அப்படித்தான். ஸ்டிரட்டுக்கு மேல் வில்லை வைத்த வண்டி பெரிய பள்ளத்தில் இறங்கும்போது, கம்பெனி நினைத்த எல்லையைத் தாண்டி சக்கரம் கீழே தொங்கும். அந்த நேரத்தில் பால் ஜாயிண்ட் தன் கடைசி கோணத்துக்குப் போகும். சில வண்டிகளில் மேல் ஆர்ம் ஸ்பிரிங்கிலேயே இடிக்கும்.

2 இன்ச்சுக்குள் இருந்தால் பெரும்பாலான வண்டிகள் இதைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போக ஆசைப்பட்டால், மேல் கண்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டி வரும். அப்போது இது 'சும்மா ஒரு ஸ்பேசர்' வேலை இல்லை. செலவு எகிறிவிடும்.

வீல் அலைன்மெண்ட் கட்டாயமா?

கட்டாயம். இதில் பேச்சுக்கே இடமில்லை.

உயரம் மாறினால் சக்கரத்தின் கேம்பர், காஸ்டர், டோ ஆகிய மூன்று கோணங்களும் மாறும். கேம்பர் என்பது முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது. டோ என்பது இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று பார்க்கிறதா, விலகி நிற்கிறதா என்பது. இது கொஞ்சம் தப்பினாலும் டயரின் ஒரு ஓரம் மட்டும் ரம்பம் மாதிரி தேயும். காஸ்டர் குறைந்தால் நெடுஞ்சாலையில் வண்டி நேராக ஓடாமல் அலையும்.

எஃப்-250 போல ஒரே அச்சு உள்ள வண்டிகளில் இன்னொன்றும் நடக்கும். அச்சு லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்து, நேராகப் போகும்போதே ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். அதையும் சரிசெய்ய வேண்டும்.

பலரும் மறப்பது: ஹெட்லைட்

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். லெவலிங் செய்தவர்களில் பலர் அலைன்மெண்டை மறப்பதில்லை, டயர் தேய்ந்தால் காசு அவர்களுடையது. ஹெட்லைட்டை மறந்துவிடுகிறார்கள். ஏனென்றால் அதனால் கஷ்டப்படுவது எதிரே வருபவர்.

ஒரு சின்ன கணக்கு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 145 இன்ச் இருக்கும் ஒரு டிரக்கை எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தை 2 இன்ச் உயர்த்தினால் வண்டி முழுவதும் சுமார் 0.8 டிகிரி பின்னால் சாயும். "ஒரு டிகிரி கூட இல்லையே" என்று தோன்றும். ஆனால் வெளிச்சம் தூரம் போகப் போக அந்தச் சாய்வு பெரிதாகும். 25 அடி தூரத்தில் வெளிச்சம் 4 இன்ச் மேலே போயிருக்கும். 100 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 1.4 மீட்டர், அதாவது நாலரை அடி மேலே போயிருக்கும்!

லோ பீம் என்பது தரையைப் பார்த்து லேசாகக் குனிந்திருக்க வேண்டிய வெளிச்சம். 25 அடிக்கு 2 இன்ச் இறங்கும்படி வைத்திருந்தார்கள் என்று வையுங்கள். இப்போது அது 2 இன்ச் ஏறும். விளக்கே தரையில் இருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும்போது, மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் எங்கே போய் விழும்? எதிரே வரும் சாதாரண காரின் ஓட்டுநர் கண்ணில். முன்னால் போகும் காரின் கண்ணாடியில். டிம் அடித்தாலும் அவருக்கு அது பிரைட் லைட் மாதிரிதான் தெரியும். இப்போதைய எல்இடி விளக்குகளின் வீச்சில் சில நொடிகள் சாலையே தெரியாமல் போகும்.

சரிசெய்வது எப்படி?

இதற்கு ஒரு மார்க்கிங் டேப், ஒரு அளவு டேப், ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்.

1. லெவலிங் செய்வதற்கு *முன்பே* வண்டியைச் சமதளத்தில், சுவரில் இருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்கள்.
2. தரையில் இருந்து ஹெட்லைட்டின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள்.
3. லோ பீம் போட்டு, சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு எங்கே விழுகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.
4. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வண்டியின் சரியான இறக்கம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.
5. வேலை முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி, மறுபடி அளங்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகாணியைத் திருப்பி, பழைய இறக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

பத்துப் பதினைந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வண்டியை இரவில் சாலைக்கு எடுத்துவரக் கூடாது.

கேமரா, ரேடார் இருக்கிற வண்டி என்றால்?

புதிய டிரக்குகளில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமராவும், முன் பகுதியில் ரேடாரும் இருக்கும். தானாக பிரேக் போடுவது, லேன் மாறினால் எச்சரிப்பது எல்லாம் இவற்றை நம்பித்தான். வண்டி எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் இவை தூரத்தைக் கணக்கிடுகின்றன. ஹெட்லைட்டுக்குச் சொன்ன அதே 0.8 டிகிரி இவற்றுக்கும் பொருந்தும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள், உயரம் மாறினால் மறுபடி கேலிபரேஷன் செய்ய வேண்டுமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

டிரெய்லர் இழுப்பவரா? ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரக்கின் கொக்கி மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 6,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 600 முதல் 900 பவுண்டு எடை, பின் அச்சையும் தாண்டிய இடத்தில் அமுக்கும்.

ஏற்கெனவே சமமாக்கிவிட்ட வண்டியில் இந்த எடை விழுந்தால் பின்பக்கம் தாழும், முன்பக்கம் தூக்கும். முன் சக்கரத்தின் மேல் இருக்கும் எடை குறையும். ஸ்டீயரிங் லேசாகும். நீங்கள் சுவரில் அளந்து சரிசெய்த ஹெட்லைட் மறுபடி மேலே பார்க்கும்.

இதற்கும் வழி உண்டு. எடையை முன் அச்சுக்கும் பகிர்ந்து தரும் 'வெயிட் டிஸ்ட்ரிபியூஷன்' கொக்கி, பின் ஸ்பிரிங்குக்கு உதவும் காற்றுப் பை ஆகியவை பின்பக்கம் தாழ்வதைக் குறைக்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. காற்றுப் பை வண்டியை நிமிர்த்துமே தவிர, வண்டியின் சுமை தாங்கும் அளவைக் கூட்டாது.

வாரம் தவறாமல் சுமை ஏற்றுபவர் என்றால், கம்பெனி கொடுத்த ரேக்கே உங்களுக்கு நல்லது.

'கரோலினா ஸ்குவாட்': சட்டம் தலையிட்ட கதை

லெவலிங்கில் முன்பக்கமும் பின்பக்கமும் சமமாகும். சிலர் அதோடு நிற்காமல், முன்பக்கத்தைப் பின்பக்கத்தை விட பல இன்ச் உயரமாக்கி, வண்டி பின்னால் குந்தி உட்கார்ந்த மாதிரி ஓட்ட ஆரம்பித்தார்கள். இதற்கு 'கரோலினா ஸ்குவாட்' என்று பெயர். மூக்கு உயர்ந்து நிற்பதால், வண்டிக்கு நேர் முன்னால் நடந்து போகிறவரே ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

வடக்கு கரோலினா மாநிலம் 2021 டிசம்பர் 1 முதல் இதைத் தடை செய்தது. முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரை விட 4 இன்ச் அல்லது அதற்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. ஒரே ஆண்டில் மூன்று முறை சிக்கினால் குறைந்தது ஓராண்டுக்கு லைசென்ஸ் போய்விடும். 2022 தொடக்கத்தில் நடந்த உயிர்ப்பலி விபத்து ஒன்றுக்குப் பிறகு விர்ஜீனியா இதேபோன்ற தடையைக் கொண்டுவந்தது. 2023ல் தெற்கு கரோலினாவும் சேர்ந்துகொண்டது.

சாதாரண 2 இன்ச் லெவலிங் இந்தத் தடையில் வராது. ஆனால் அளக்காமல் பெரிய கிட் போட்டு, மேலே சுமையும் ஏற்றினால், அந்த 4 இன்ச் எல்லை நினைப்பதை விடப் பக்கத்தில் இருக்கிறது.

வாரண்டி போய்விடுமா?

"வெளி பார்ட் போட்டா மொத்த வாரண்டியும் காலி" என்று சொல்வார்கள். அமெரிக்காவில் அது முழு உண்மை இல்லை. 1975ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டத்தின்படி, வெளி பாகம் பொருத்தியதற்காக மட்டும் வாரண்டி முழுவதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்த மாற்றத்தால்தான் பழுது வந்தது என்றால் மறுக்கலாம். ரேடியோ கெட்டால் வாரண்டி உண்டு. சிவி ஜாயிண்டும் பால் ஜாயிண்டும் கெட்டால் வாக்குவாதம் உறுதி.

இந்தியாவில் செய்யலாமா?

இங்கேயும் இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்கள் ஓடுகின்றன. முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை என்று இவற்றின் அமைப்பும் அதேதான். ஆனால் சட்டம் வேறு.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52ன்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-ன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். எனவே "அமெரிக்காவுல எல்லாரும் பண்றாங்க" என்று வீடியோ பார்த்துவிட்டு இறங்காதீர்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

ஒரு கூடுதல் தகவல். இந்தியாவில் ஓடும் பல கார்களில் ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு குட்டி சக்கரம் இருக்கும். பலர் அதைத் தொட்டதே இல்லை. பின்னால் ஆளும் சாமானும் ஏறி வண்டி தாழும்போது, ஹெட்லைட்டை இறக்குவதற்காக வைத்த வசதி அது. பெரும்பாலான அமெரிக்க டிரக்குகளில் இது கிடையாது. உங்கள் காரில் இருந்தால், குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது பயன்படுத்துங்கள்.

வீட்டிலேயே செய்யலாமா?

ஸ்டிரட்டுக்கு மேல் வில்லை வைக்கும் வேலையை, கருவிகள் பழகியவர்கள் செய்கிறார்கள். ஆனால் ஸ்பிரிங்கை ஸ்டிரட்டில் இருந்து பிரிக்கும் வேலை வேறு. அமுங்கி நிற்கும் ஸ்பிரிங் திடீரென விடுபட்டால் ஆளையே கொல்லும் வேகத்தில் பாயும். டார்ஷன் பாரும் அப்படித்தான். சரியான கருவி இல்லாமல் தொடவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவதும் கூடாது. ஸ்டாண்ட் வைத்தாக வேண்டும்.

முடிவெடுப்பதற்கு முன் 5 கேள்விகள்

* என் வண்டியின் ரேக் எத்தனை இன்ச்? அளந்துவிட்டேனா?
* மாதத்தில் எத்தனை முறை சுமை ஏற்றுகிறேன், டிரெய்லர் இழுக்கிறேன்?
* அலைன்மெண்ட் செலவையும் சேர்த்துக் கணக்கு போட்டேனா?
* கேமரா, ரேடார் கேலிபரேஷன் தேவையா என்று கேட்டேனா?
* ஹெட்லைட்டை மறுபடி இறக்கப் போவது யார், எப்போது?

கடைசி கேள்விக்குப் பதில் இல்லை என்றால், வேலையைத் தொடங்க வேண்டாம். லெவலிங் என்பது கடைசி போல்ட்டை முறுக்கியதும் முடிகிற வேலை இல்லை. சக்கரம் நேராகி, ஹெட்லைட் மறுபடி சாலையைப் பார்த்துக் குனிந்த பிறகுதான் முடிகிறது.